சிங்குக்கு அடியில் எல்லாம் ஒரே குவியல்: குளோராக்ஸ், டாய்லெட் மருந்து எல்லாவற்றையும் எங்கே வைப்பது?

செந்தூல்_ஃபிளாட்

வணக்கம். செந்தூலில் பழைய ஃபிளாட், சமையலறையில் ஒருவர் நின்றால் இன்னொருவர் நுழைய முடியாது. சிங்குக்கு அடியில் இருக்கிற கேபினட்டில்தான் குளோராக்ஸ், டாய்லெட் கழுவுகிற நீல மருந்து, தரை துடைக்கிற எலுமிச்சைப்புல் வாசனை மருந்து, கரப்பான் ஸ்பிரே, அடைப்பு எடுக்கிற தூள், சலவைத்தூள் எல்லாம் கிடக்கிறது. பக்கத்திலேயே அரிசி டின். கதவைத் திறந்தால் மூக்கைத் துளைக்கிற நெடி, கீல் எல்லாம் துரு. மகன் இப்போதுதான் நடக்க ஆரம்பித்திருக்கிறான், எந்தக் கதவைப் பார்த்தாலும் இழுக்கிறான். மாமி எல்லாவற்றையும் மேல் கேபினட்டில் ஏற்றச் சொல்கிறார், வீட்டுக்காரர் யார்டில் வை என்கிறார். தீபாவளிக்கு முன்னால் ஒழுங்குபடுத்திவிட வேண்டும். புது கேபினட் போட இப்போது வசதி இல்லை. எதை எங்கே வைக்கலாம், சொல்லுங்களேன்.

ஃபெரிங்கி_ஹவுஸ்கீப்பிங்

பினாங்கில் ஹோட்டல் ஹவுஸ்கீப்பிங்கில் ரொம்ப காலம் இருந்தவன்மா நான். மேலா கீழா என்பது அப்புறம். முதலில் எது எதோடு சேரக்கூடாது என்று பாருங்கள்.

குளோராக்ஸ் மாதிரி பிளீச்சில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். டாய்லெட் மருந்து பலவற்றில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் இருக்கும், போத்தலின் பின்பக்கம் எழுதியிருக்கும், படித்துப் பாருங்கள். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு வரும். நுரையீரலைப் புண்ணாக்குகிற வாயு அது, காற்றோட்டம் இல்லாத சின்ன அறையில் கொஞ்சம் வந்தாலே ஆபத்து. போத்தல்கள் மூடியோடு பக்கத்தில் பக்கத்தில் நிற்பதால் ஒன்றும் வந்துவிடாது, ஆனால் ஒன்று கசிந்து, இன்னொன்று சாய்ந்து, இரண்டும் அதே பலகையில் ஊறினால் என்ன ஆகும்? அதனால் டாய்லெட் மருந்தை சமையலறையிலிருந்தே எடுத்துவிடுங்கள். பாத்ரூமில்தானே அதற்கு வேலை, அங்கேயே கைக்குழந்தைக்கு எட்டாத தட்டில் வையுங்கள். பிளீச் இங்கே இருக்கட்டும். பாத்ரூமுக்கு பிளீச் வேண்டும் என்றால் எடுத்துப் போய்த் திரும்பக் கொண்டுவாருங்கள், இரண்டையும் ஒரே நாளில் ஒரே தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

உங்கள் கீல் துருப்பிடித்ததற்கும் அந்த அமிலம் காரணமாக இருக்கலாம். மூடி சரியாக இறுகாவிட்டால் அதன் ஆவி மூடிய கேபினட்டுக்குள்ளேயே சுற்றி இரும்பைத் தின்றுவிடும். குழாய்க் கசிவு இருக்கிறதா என்றும் கையை விட்டுத் தடவிப் பாருங்கள்.

மிச்சம் இருப்பதை ஆளுக்கொரு பிளாஸ்டிக் தட்டில் நிற்க வையுங்கள். கசிந்தால் தட்டோடு நின்றுவிடும், பலகை ஊறாது. பிளீச்சைப் படுக்க வைக்கக்கூடாது, அது மெல்ல வாயு விடும், சில மூடிகளில் அதற்காகவே காற்று போக வழி வைத்திருப்பார்கள். சலவைத்தூளை மேலே, திரவத்தைக் கீழே வைத்தால் ஒழுகினாலும் தூள் கெடாது.

கெலுகோர்_அம்மா

அண்ணன் சொன்னதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வேறு போத்தலில் மாற்றி ஊற்றி வைக்காதீர்கள். கடையில் அளந்து விற்கிற தரை மருந்தை மினரல் வாட்டர் போத்தலில் வாங்கி வருவது நம் ஆட்களிடம் சகஜம், அதில் ரோஜா நிற மருந்தை சிராப் தண்ணீர் பக்கத்தில் வைத்தால் பெரியவர்களுக்கே வித்தியாசம் தெரியாது, பிள்ளைக்கு எப்படித் தெரியும்? காலியான போத்தலிலும் அடியில் கொஞ்சம் நிற்கும், விளையாடக் கொடுக்க வேண்டாம்.

மேல் கேபினட் யோசனையில் எனக்கு உடன்பாடு இல்லை. கனமான பிளீச் போத்தலைத் தலைக்கு மேலிருந்து எடுக்கும்போது கை நழுவினால் முகத்தில்தான் விழும், கண்ணில் பட்டால் என்ன ஆவது. கீழேயே வைத்து லாக் போடுவது நல்லது. ஒட்டுகிற லாக் நம் ஊர் ஈரத்திலும் எண்ணெய்ப் பிசுக்கிலும் கழன்றுவிடும், ஸ்க்ரூ போட்டு உள்ளே பொருத்துகிற காந்த லாக் நிற்கும், ஹார்ட்வேர் கடையில் கேளுங்கள். வாடகை வீடு என்றால் வீட்டு உரிமையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஓட்டை போடுங்கள். லாக் இருக்கிறது என்று கதவைத் திறந்து போட்டுவிட்டு ஃபோனை எடுக்கப் போகாதீர்கள், பிள்ளைகள் அந்த நேரத்தில்தான் வருவார்கள்.

இன்னொன்று, பினாங்கு யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தில் இருக்கிற தேசிய நச்சு மையத்தின் எண் 1-800-88-8099. இதை ஃபிரிட்ஜில் ஒட்டி வையுங்கள். குழந்தை எதையாவது குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அமிலமோ காரமோ ஏறி வரும்போது தொண்டையை மறுபடியும் சுடும். உப்புத் தண்ணீர், எலுமிச்சைச் சாறு எதுவும் வேண்டாம். வாயைத் துடைத்துக் கழுவிவிட்டு, அந்தப் போத்தலையும் எடுத்துக்கொண்டு கூப்பிடுங்கள். கண்ணில் பட்டால் குழாய்த் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவுங்கள். மூச்சு விட முடியவில்லை, மயக்கம் என்றால் நேரே 999.

செந்தூல்_ஃபிளாட்

ரொம்ப நன்றி அண்ணா, அக்கா. டாய்லெட் மருந்தை இப்போதே பாத்ரூமில் மேல் தட்டுக்கு மாற்றிவிட்டேன். அப்படியானால் யார்டு யோசனை? அங்கேதான் கேஸ் தோம்பு (சிலிண்டர்) இருக்கிறது, மத்தியானம் வெயிலும் நேரே அடிக்கும்.

ஃபெரிங்கி_ஹவுஸ்கீப்பிங்

அந்த யார்டில் வேண்டாம்மா. வெயிலில் பிளீச் வேகமாக வீரியம் இழக்கும், நிழலில் இருந்தாலே கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும், அதனால் பெரிய போத்தல் மலிவு என்று வாங்கி வருஷக் கணக்கில் வைத்திருப்பதில் லாபம் இல்லை. கரப்பான் ஸ்பிரே அழுத்தம் அடைத்த டின், 50 பாகை செல்சியஸுக்கு மேல் போகக்கூடாது என்று அதன் மேலேயே எழுதியிருக்கும், வெயிலிலும் அடுப்புப் பக்கத்திலும் கேஸ் தோம்பு அருகிலும் வைக்காதீர்கள். ஹாலில் உயரமான அலமாரியில் இருக்கட்டும், அதை எடுக்க யாரும் குனிய வேண்டாம், கனமும் இல்லை. கேஸ் தோம்பைச் சுற்றி சாமான் அடுக்காமல் காற்றோட்டமாக விடுங்கள்.

தாமான்_புக்கிட்_மலூரி

அரிசி டின்னை யாரும் சொல்லவில்லையே. அதை சிங்குக்கு அடியிலிருந்து முதலில் எடுங்கள் அக்கா. அரிசி நெடியை இழுத்துக்கொள்ளும், ஈரத்தில் வண்டும் பிடிக்கும். காடியும் (வினிகர்) அங்கே இருந்தால் சமையல் சாமானோடு சேர்த்துவிடுங்கள், அதுவும் அமிலம்தான், பிளீச்சோடு கலந்தால் குளோரின் வரும்.

செந்தூல்_ஃபிளாட்

அரிசி டின் ஃபிரிட்ஜ் பக்கத்துக்கு வந்துவிட்டது தம்பி. காடி அங்கே இல்லை. அந்த அடைப்புத் தூள் மட்டும்தான் மிச்சம், பாதி டப்பா இருக்கிறது, அதையும் பிளீச்சோடு லாக்குக்குள் வைக்கலாமா?

ஃபெரிங்கி_ஹவுஸ்கீப்பிங்

அது பெரும்பாலும் காஸ்டிக் சோடா. தண்ணீர் பட்டால் கொதிக்கிற அளவுக்குச் சூடாகும், காற்றில் இருக்கிற ஈரத்தையும் இழுத்துக் கட்டியாகும். சிங்க் குழாய் எப்போது ஒழுகும் என்று சொல்ல முடியாதே, அதனால் அதற்கு மட்டும் சிங்க் அடி சரிப்படாது. டப்பாவை இறுக மூடி, இன்னொரு மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து, ஸ்டோர் அறை இருந்தால் ஈரம் படாத தட்டில் பூட்டி வையுங்கள். அலுமினியப் பாத்திரம் பக்கத்தில் வேண்டாம், இரண்டும் ஈரத்தோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் வரும், அது தீப்பிடிக்கிற வாயு. கட்டி தட்டியிருந்தால் கரண்டியால் குத்தி உடைக்காதீர்கள், தூள் தெறித்துக் கண்ணில் படும். அடைப்புக்கு முதலில் ரப்பர் பம்ப் போட்டுப் பாருங்கள், பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும், பிள்ளை வளரும் வரை புது டப்பா வாங்க வேண்டாம்.