லேசருக்குப் பிறகு முகம் சிவந்தே இருக்கிறதா? என் ஆறு வாரக் கதை

திருப்பூர்:
கன்னத்தில் பருக்குழிகள், பத்து வருடமாக. தம்பி கல்யாணத்துக்கு ஆறு வாரம் இருக்கும்போது கோவையில் ஒரு தோல் மருத்துவரிடம் ஃப்ராக்ஷனல் கார்பன் டை ஆக்சைடு லேசர் செய்துகொண்டேன். மாப்பிள்ளைக்கு உடன்பிறந்தவள் செய்யும் இணைச்சீரைச் செய்ய வேண்டியவள் நான். கணக்குப் போட்ட லட்சணத்தைப் பாருங்கள்.

அன்று சாயங்காலம் மிளகாய் அரைத்த கையை முகத்தில் வைத்த மாதிரி எரிச்சல். மறுநாள் கண் வீங்கியது. மூன்றாம் நாள் கன்னமெல்லாம் எள் தூவியது போலப் பழுப்புப் புள்ளிகள். பக்கத்து வீட்டு அக்கா வாசற்படியிலேயே நின்றுகொண்டு, "அம்மா வந்திருக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டு, போய் ஒரு கொத்து வேப்பந்தழையோடு வந்தார். எங்கள் அம்மிச்சியோ, "மஞ்சளை அரைச்சுப் பூசு கண்ணு, எல்லாம் அடங்கிரும்" என்று ஒரே பிடி. இரண்டையும் தொடவில்லை. வாஸ்லின் களிம்பு மட்டும் பூசிக்கொண்டேன்.

ஏழாம் நாள் பொருக்கு உதிர்ந்தது. முடிந்தது என்று நினைத்தேன். அடியில் இருந்த தோல் ரோஜா நிறத்தில் பளபளத்தது. அந்தச் சிவப்பு போகவே இல்லை. லேசர் தோலில் நுண்ணிய துளைகளாகப் போட்டுவிடுகிறது. அதை ஆற்ற ரத்த ஓட்டம் கூடுகிறது, அதனால்தான் சிவப்பு என்று டாக்டர் சொல்லியிருந்தார். காதில் வாங்கினால்தானே!

பன்னிரண்டாம் நாள் பொறுமை போய் ஒரு மருந்துக் கடையில் க்ரீம் கேட்டேன். சீட்டெல்லாம் யாரும் கேட்கவில்லை. நான்கே நாளில் முகம் வெளுத்தது, எனக்குத் தலைகால் புரியவில்லை. நிறுத்தியதும் முன்பைவிடச் சிவந்து, அரிப்போடு பொடிப்பொடியாகப் பருவும் கிளம்பியது. ட்யூபை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். அதில் இருந்தது பீட்டாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு. வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அப்புறம் சோப்பு கிடையாது, ஆவி பிடிப்பது கிடையாது. வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், ஜிங்க் ஆக்சைடு உள்ள எஸ்பிஎஃப் 50 சன்ஸ்கிரீன், அவ்வளவுதான். கல்யாணத்தன்று லேசான சிவப்பு இருந்தது. மேக்கப்காரம்மா மறைத்துவிட்டார். அடுப்புப் பக்கம் போனால் மட்டும் இன்னும் கன்னம் சிவக்கிறது.

உடுமலை:
எனக்குத் தாடையில் முடி நீக்கும் லேசர்தானுங்க. முடிக்கால்களைச் சுற்றிச் சின்னச் சின்னச் சிவப்புத் தடிப்பு, மறுநாளே போய்விட்டது. அதுதான் வினை. காத்தடிக் காலம், வெயில் உறைக்கவில்லை, முகத்தை மூடாமல் பல்லடம் வரை வண்டியில் போய் வந்தேன். சிவந்த இடமெல்லாம் கருத்துவிட்டது, தெளிய ஐந்து மாதம் ஆனது. நம் நிறத்துக்குச் சிவப்பைவிடக் கருப்புக்குத்தான் பயப்படணும்.

பெருந்துறை:
உதட்டோரம் அடிக்கடி அக்கி வருகிறவர்கள் லேசருக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை. நான்காம் நாள் வாயைச் சுற்றிக் கொப்புளம், சாப்பிடக்கூட முடியவில்லை. முன்பே சொல்லியிருந்தால் தடுக்க மாத்திரை கொடுத்திருப்பாராம். சிவப்பு நாளுக்கு நாள் குறைய வேண்டும். வலி கூடினாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ வீட்டில் உட்கார்ந்திருக்காதீர்கள்.

ஈரோடு:
எனக்கும் பருத்தழும்புதான், இதே லேசரைச் சொல்லியிருக்கிறார்கள். பங்குனியில் பெரிய மாரியம்மன் பண்டிகை வருகிறது. அதற்கு ஒரு மாதம் முன்பு செய்துகொண்டால் மஞ்சள் நீராட்டத்துக்குள் சரியாகிவிடுமா?

திருப்பூர்:
என் கணக்கையே நீங்களும் போடுகிறீர்களே! ஒளிக்காமல் சொல்வதானால், மூன்று மாதம் வரைகூட லேசான சிவப்பு இருக்கலாம் என்று என் டாக்டர் சொன்னார். ஆறாத தோலில் மஞ்சள் தண்ணீரும் சாயத் தண்ணீரும் படவே கூடாது. உங்கள் ஊரில் அன்றைக்கு யார் விடுவார்கள், ஊற்றிவிட்டுத்தானே பேச்சே! பண்டிகை முடிந்தாலும் சித்திரை வெயில். ஆடி வரைக்கும் தள்ளிப் போடுங்கள், துப்பட்டாவை இப்போதே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.