மேளம் கேட்டு உடம்பு தானாக அசைந்த அனுபவம் யாருக்காவது உண்டா?

அளவெட்டியான்:
அம்மப்பாவுக்குப் பார்க்கின்சன் நோய். விறாந்தை நிலைப்படியில் கால் ஒட்டிப்போய்விடும், கையைப் பிடித்தாலும் அசையாது. போன திருவிழாவில் தவில்சமா, தவில்காரர் பலர் சேர்ந்து வாசிக்கும் கச்சேரி, ஒலிபெருக்கியில் வீடுவரை கேட்டது. தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தவர் எழும்பி, நிலைப்படியைத் தாண்டி, முற்றத்தால் வாசல் படலைவரை நடந்தார். யாரும் பிடிக்கவில்லை. திடீரென்று கரண்ட் நின்றது. ஒரு குதிகால் மண்ணிலிருந்து உயர்ந்தபடி அப்படியே நின்றுவிட்டார். அந்தக் குதிகால் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. தவில் மேதை தட்சிணாமூர்த்தியின் வாசிப்பை நேரில் கேட்டு வளர்ந்த மனிதர். ரசனைதான் அவரை நடத்தியது.

கோண்டாவில் மகள்:
அம்மாவின் செத்தவீட்டில் எனக்கு அழுகையே வரவில்லை. ஒப்பாரிக்கும் கல்லாக இருந்தேன். செத்தவீட்டுச் சடங்காக உரலில் வாசனைப்பொடி இடிப்பதுதான் சுண்ணம்; அதை இடிக்கக் கூப்பிட்டார்கள். திருவாசகத்தின் திருப்பொற்சுண்ணம் பாடப் பாட, நாலாவது பாட்டளவில் உலக்கை பாட்டின் நடைக்குத் தானாக விழத் தொடங்கியது. அங்கேதான் உடைந்தேன். மாணிக்கவாசகர் அதைப் பெண்கள் மகிழ்ந்து பாடி இடிக்கும் பாட்டாகத்தானே பாடினார்? அது எப்படி என்னை அழவைத்தது?

இணுவில் தம்பி:
அளவெட்டியான் அண்ணை, ரசனை என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். சங்கீதமே பிடிக்காத என் மாமாவும் ஒரே கதியில் தட்டும் மெட்ரோனோம் கருவியின் வெறும் சத்தத்துக்கு நடந்தார். அசையாமல் இருந்து தாளம் கேட்டாலே மூளையில் அசைவுக்கான பகுதிகள் வேலை செய்கின்றன. இந்த நோயில், அடுத்த அடிக்கு உள்ளே இருந்து நேரம் சொல்லும் இடம் பழுதாகிறது. வெளியிலிருந்து தாளம் வந்தால் கால் அதைப் பிடித்துக்கொள்ளும். 1996இல் வெளிவந்த ஓர் ஆய்வில் நோயாளிகள் 3 வாரம் தாளத்துக்கு நடந்து பழகினார்கள்; நடை வேகமும் காலடியின் நீளமும் கூடின.

அதனால் ஒலிபெருக்கியை நம்பி இருக்காதீர்கள். அவர் நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறார் என்று முதலில் எண்ணுங்கள். அந்தக் கதியிலேயே போனில் தாளம் போட்டு, போனைச் சட்டைப்பையில் வையுங்கள். துரிதகாலத் தவில் வேண்டாம், கால் தடுமாறி விழுவார். திரும்பும் இடத்தில் கட்டாயம் ஒருவர் பக்கத்தில் நிற்க வேண்டும். உங்கள் பிசியோதெரபிஸ்ட்டிடமும் ஒருக்கால் கேளுங்கள்.

கோண்டாவில் மகள்:
தம்பி, கால் நடந்ததற்குக் காரணம் சொல்லிவிட்டீர்கள், சரி. அவர் ஏன் படலைக்குப் போனார்? மேளம் அந்தப் பக்கம்தானே கேட்டது. அது ஆசை இல்லையா?

அளவெட்டியான்:
தம்பி, அம்மப்பா தை மாதம் போய்விட்டார். படலையில் பறை தொடங்கியதும், எழும்பி வருவார் என்று ஒரு கணம் உண்மையாகவே காத்திருந்தேன்.