மறு: 'அண்டர்டாக்', 'அப்செட்': கூடைப்பந்துக்கு என்ன சொல்?

ஐயா, வணக்கம்.

'அண்டர்டாக்'குக்கு, அதாவது தோற்கும் என்று எல்லாரும் கணிக்கும் அணிக்கு, நீங்கள் சொன்ன 'நோஞ்சான் அணி' சொல்லிப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிளே-ஆஃபில் (பருவ ஆட்டங்கள் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகளில்) அந்த அணியின் வாய்ப்பை எடைபோட்டு எழுத உட்கார்ந்தால் அதுவே காலை வாருகிறது. நோஞ்சான் என்று முதல் வரியிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டால் அப்புறம் அலச என்ன மிச்சம்?

2007-ல் அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் பிளே-ஆஃப் முதல் சுற்றை எடுத்துக்கொள்ளுங்கள். கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் தன் பிரிவில் எட்டாம் இடம், அதாவது தகுதி பெற்றதில் கடைசி. எதிரே 67 ஆட்டம் வென்ற டல்லாஸ் மேவரிக்ஸ். ஆனால் அந்தப் பருவத்தில் இரண்டும் மோதிய மூன்று ஆட்டத்தையும் வாரியர்ஸ்தான் ஜெயித்திருந்தது. அதன் பயிற்சியாளர் டான் நெல்சன் முன்பு டல்லாஸிலேயே பயிற்சியாளராக இருந்தவர், அங்கே உள்ளும் புறமும் தெரிந்தவர். 4-2 என்று கதையை முடித்தார்கள். இதில் நோஞ்சான் யார்? பட்டியலில் பின்னால் இருந்தார்கள், அவ்வளவே. 'பின்வரிசை அணி' என்பேன்.

'அப்செட்'டுக்கு, அதாவது பின்வரிசை அணி பெரிய அணியை வீழ்த்துவதற்கு, நாளிதழ்க்காரர்கள் 'அதிர்ச்சி வெற்றி' என்கிறார்கள். அதிர்ச்சி தோற்றவனுக்குத்தானே, ஜெயித்தவனுக்கு என்ன அதிர்ச்சி! எங்கள் வியாசர்பாடியில் காலை நேரத்தில் ஒரே போனைச் சுற்றி நின்று ஆட்டம் பார்க்கும் பையன்கள் சொல்வது 'கவுத்துட்டான்டா'. (இங்கே பந்து என்றால் முதலில் கால்பந்துதான். ஆனாலும் இந்த வார்த்தை கேரம் வரைக்கும் செல்லும்.) அதைத் திருத்தி எழுதினால் 'கவிழ்ப்பு'.

'பெஸ்ட் ஆஃப் செவன்' (ஏழு ஆட்டத் தொடரில் முதலில் நான்கு வெல்பவருக்கே தொடர்) என்பதை 'ஏழில் நான்கு' என்றே வைக்கலாம், கணக்கும் கண்ணில் படும். ஓர் ஆட்டத்தை வெல்ல 40 விழுக்காடு வாய்ப்புள்ள அணிக்கு, ஐந்தில் மூன்று வெல்லும் வாய்ப்பு சுமார் 32. ஏழில் நான்கு என்றால் 29. 2003-ல் என்பிஏ முதல் சுற்றை ஐந்திலிருந்து ஏழாக்கியது பின்வரிசைக்காரன் வயிற்றில் அடித்ததுதான்.

---

மறுமொழி:

தம்பி, கிரிக்கெட்டில் 'பின்வரிசை' என்றால் ஒன்பதாவது, பத்தாவதாக மட்டை பிடிக்க வருகிறவர்கள். 'அணி' சேர்த்தே எழுதினால் குழப்பம் வராது, எனக்குச் சம்மதம். 'கவிழ்ப்பு' ஆட்சிக் கவிழ்ப்பு மாதிரி ஒலிக்கிறது. பரவாயில்லை, 2023-ல் மயாமி ஹீட் மில்வாக்கி பக்ஸை 4-1 என்று சாய்த்ததும் கிட்டத்தட்ட அதுதான். ஆனால் மயாமி அதற்கு முன் 'பிளே-இன்'னில் (பிளே-ஆஃபின் கடைசி இடங்களுக்கான தகுதி ஆட்டங்களில்) அட்லாண்டாவிடம் தோற்று, சிகாகோவை வென்றுதான் எட்டாம் இடத்தையே பிடித்தது. அந்தப் 'பிளே-இன்'னுக்கு 'நுழைவாட்டம்' சரிப்படுமா?