தஞ்சைப் பெரிய கோயில்: நிழலைக் கண்டுபிடித்த என் பையன்

போன மார்கழியில், அரையாண்டு லீவுக்குத் தஞ்சாவூர் போயிருந்தோம். நான், வீட்டுக்காரர், ஆறாவது படிக்கிற மகள், இரண்டாவது படிக்கிற பையன், கூடவே எங்கப்பா. அப்பா நாற்பது வருசம் தறி ஓட்டியவர். லீவு போட்டு ஊர் பார்க்கப் போனதே கிடையாது. பெரிய கோயிலுக்கு அவருக்கும் அதுதான் முதல் தடவை.

திருப்பூரிலிருந்து திருச்சி வந்து பஸ் மாறினோம். அங்கிருந்து வழி முழுக்கப் பேரனுக்கு ஒரே கதைதான். “அந்தக் கோபுரத்தோட நெழல் தரையிலயே விழுகாது கண்ணு.” அவருக்கு அது சின்ன வயசில் வாத்தியார் சொல்லிக் கொடுத்தது. பையன் நாலு தரம் திரும்பத் திரும்பக் கேட்டு உறுதி பண்ணிக்கொண்டான்.

உள்ளே நுழையும்போது மணி பதினொன்றரை இருக்கும். கேரளாந்தகன் வாயில், ராஜராஜன் வாயில் இரண்டையும் தாண்டியதும் நந்தி, அதற்குப் பின்னால் விமானம், அதாவது அப்பா சொன்ன அந்தக் கருவறைக் கோபுரம். 216 அடி. பையன் அண்ணாந்து பார்த்தபடியே நடந்தான். ஆனால் செருப்பை வெளியே விட்டாயிற்று, செங்கல் தளத்தில் வெயில் ஏறிவிட்டது. கொஞ்ச நேரத்தில் கால் மாற்றி மாற்றிக் குதிக்க ஆரம்பித்தான். அப்புறம் என் கையை உதறிவிட்டு வடக்குப் பக்கம் ஒரே ஓட்டம். சண்டிகேசுவரர் சன்னதிக்குப் பக்கத்தில் போய் நின்று, “அம்மா, இங்க சுடல!” என்று கத்தினான்.

நாங்கள் கிட்டே போவதற்குள் அவன் முகம் மாறிவிட்டது. காலடியைப் பார்த்தான், மேலே பார்த்தான், மறுபடி தரையைப் பார்த்தான். “அப்புச்சி, இது எதோட நெழலுங்க?”

விமானத்தின் நிழல்தான். சன்னதியையும் தாண்டி நீளமாக விழுந்து கிடந்தது. வீட்டுக்காரர் சமாளிக்கப் பார்த்தார்: “சரியா பன்னண்டு மணிக்கு மட்டும்தான்டா விழாது.” அப்பா கையைக் காட்டி அவரை நிறுத்திவிட்டு மெதுவாக நிழலுக்குள் வந்தார். பையன் தலையில் கை வைத்து, “விழுகுதே சாமி” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை. எனக்குத்தான் நெஞ்சு கனத்துவிட்டது. எவ்வளவு ஆசையாகச் சொல்லிக்கொண்டு வந்த கதை!

அந்த நிழலில்தான் ஒரு கல்லூரிப் பெண் நோட்டோடு உட்கார்ந்து, விமானத்தின் அடிப்பகுதிக் கல்வெட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்தாள். எங்கள் பேச்சு காதில் விழுந்திருக்கும்போல. பையனைக் கூப்பிட்டு, “உனக்குத் தெரிஞ்ச எழுத்து ஏதாவது இருக்கா, தேடிப் பாரு” என்றாள். அரை நிமிசம்கூட ஆகவில்லை. “ட! அக்கா, ப!” அந்த இரண்டும் இன்றைக்கு எழுதுவது போலவே இருந்தன. க-வை உற்றுப் பார்த்துப் பிடித்தான். மேலே புள்ளி வைக்கிற வழக்கம் அப்போது இல்லை, நாமே வைத்துப் படித்துக்கொள்ள வேண்டும் என்றாள். பிறகு கல்லில் கை படாமல் விரலை நகர்த்திக்கொண்டே நிதானமாக வாசித்தாள்:

“நாங் குடுத்தனவும், அக்கன் குடுத்தனவும், நம் பெண்டுகள் குடுத்தனவும், மற்றும் குடுத்தார் குடுத்தனவும்...”

கோயிலுக்குத் தான் கொடுத்தது, தன் அக்கா குந்தவை கொடுத்தது, மனைவிமார் கொடுத்தது, மற்றவர்கள் கொடுத்தது எல்லாவற்றையும் கல்லிலே வெட்டுங்கள் என்று ராஜராஜன் சொன்ன உத்தரவு அது. கோயிலைக் கட்டி முடித்த 1010-ஐ ஒட்டிய காலம். ஆயிரம் வருசத்துக்கு முந்தின வரி, “குடுத்தது” என்று எங்கள் வீட்டில் பேசுகிற மாதிரியே காதில் விழுகிறது. “ராஜாவுக்கும் அக்கா இருந்துச்சா?” என்று பையன் கேட்டான். மகள் நிமிர்ந்து நின்றாள்.

அப்பா அந்தப் பெண்ணிடம், “அந்த அக்கன்ங்கிற எடத்த இன்னொருக்கா படிம்மா” என்றார். எங்கள் பெரியத்தை கம்மலை அடகு வைத்துக் கொடுத்த பணத்தில்தான் அப்பாவுக்கு முதல் தறி வந்தது. அவர் அதைப் பற்றி அங்கே வாயே திறக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அரை மணி நேரம் அந்த நிழலை விட்டு நகரவே இல்லை நாங்கள். நடை சாத்துவதற்குள் ஓடிப்போய் சாமி கும்பிட்டோம்.

உங்கள் பிள்ளைகளை அழைத்துப் போன அனுபவத்தையும் எழுதுங்கள்.

*

படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை சகோதரி. நான் தஞ்சாவூர்க்காரி, பள்ளிக்கூடத்தில் வேலை. உங்கள் அப்பாவிடம் ஒன்று சொல்லுங்கள், அந்தக் கதை ஒன்றுமில்லாமல் வந்ததில்லை. சித்திரை தொடக்கத்திலும் ஆவணியிலும் உச்சி வேளைக்குச் சூரியன் எங்கள் ஊருக்கு நேர் மேலே நிற்கும். விமானம் மேலே போகப் போகக் குறுகுவதால் அப்போது நிழல் அதன் அடுக்குகளிலேயே விழுந்து அடங்கிவிடும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்வதால் நிழல் வடக்கே நீளும். சாயங்காலம் போனால் கிழக்கே நந்திப் பக்கம் விழுவதைப் பார்க்கலாம்.

நான் பிள்ளைகளை அழைத்துப் போகும்போது நிழலையும், விமான உச்சியில் இருப்பதாகச் சொல்கிற 80 டன் கல்லையும் விட்டுவிட்டு ஆட்களைப் பற்றித்தான் பேசுவேன். ஆடல் மகளிர் நானூறு பேரை ஊர் ஊராக வரவழைத்து, எந்தத் தெரு, தெருவின் எந்தச் சிறகு (வீட்டு வரிசை), எத்தனையாவது வீடு, யாருக்கு எத்தனை பங்கு என்று பேரோடு வெட்டி வைத்திருக்கிறார்கள். நாவிதர், தையற்காரர் வரைக்கும் உண்டு. கட்டிய பெருந்தச்சன் பெயர் குஞ்சரமல்லன். போன வருசம் ஒரு பிள்ளை, “வீட்டு நம்பர்கூட இருக்கா டீச்சர்?” என்று கேட்டு, தன் வீட்டு விலாசத்தை அங்கேயே மண்ணில் எழுதிப் பார்த்தாள். நடுப்பகலில் வருகிறவர்கள் குழந்தைகளுக்குக் கெட்டியான சாக்ஸ் கொண்டு வாருங்கள். கால் சுட்டால் அவர்களுக்கு எதுவும் மனதில் ஏறாது.

*

நன்றி டீச்சர். அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சித்திரையில் இன்னொரு தரம் போகலாமா என்கிறார்.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று. ஊருக்கு வந்த மறுநாள் பையன் தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தான்: “நான் குடுத்தது - ரப்பர் 1. அக்கா குடுத்தது - பென்சில் 2, மிட்டாய். அப்புச்சி குடுத்தது - பத்து ரூபா.” எல்லாவற்றையும் புள்ளி இல்லாமல் எழுதியிருந்தான்.