புதுப்பிப்பு: பவர் போய் வந்தால் பழைய நான்ஸ் மறுபடி வரும் சிக்கல் (அஸ்கான், 8-பிட் சிப்) தீர்ந்தது

உதவியவர்களுக்கு நன்றி. கேள்வி இதுதான்: 2 கேபி ரேம் உள்ள சென்சாரில் அஸ்கான்-ஏஇஏடி128 (சிறு சாதனங்களுக்கான குறியாக்க முறை) ஓடுகிறது, ரீபூட் ஆனால் கவுண்டர் பூஜ்யத்துக்குப் போய், அதே சாவியில் பழைய நான்ஸ் (ஒரு சாவியோடு ஒரே முறை மட்டும் பயன்பட வேண்டிய எண்) திரும்ப வருகிறது.

கைகொடுத்தது, கவுண்டரை முன்கூட்டியே ஒதுக்கும் யோசனை. பூட் ஆனதும் ஈப்ராமில் (பவர் போனாலும் அழியாத நினைவகம்) உள்ள எண்ணைப் படித்து, அதோடு 256 கூட்டி முதலில் எழுதிவிட வேண்டும். பிறகுதான் படித்த எண்ணிலிருந்து அனுப்பலாம். 256 தீர்ந்ததும் மறுபடி இதே வேலை. இந்த வரிசை மாறினால் பயனே இல்லை. ஈப்ராமும் சீக்கிரம் தேயாது. பாக்கெட்டில் 4 பைட் கவுண்டர் மட்டும் போகிறது. நான்ஸின் மீதி 12 பைட் சாதன எண், அது பாக்கெட்டைப் பெறும் கேட்வேக்கும் தெரியும்.

எதிர்பாராத ஒன்று: டேக் (செய்தி மாறவில்லை என்று சரிபார்க்கும் குறி) இரு பக்கமும் பொருந்தவே இல்லை. கேட்வே லைப்ரரியில் இருந்தது பழைய 1.2 பதிப்பின் அஸ்கான்-128ஏ. 2025-இல் வந்த அஸ்கான் தரநிலையான நிஸ்ட் எஸ்பி 800-232-இல் பைட் வரிசை லிட்டில் எண்டியன் (கடைசி பைட் முதலில்), தொடக்க மதிப்பும் வேறு. சாவியைச் சந்தேகிக்கும் முன் இரு பக்கமும் ஒரே டெஸ்ட் வெக்டரை (விடை முன்பே தெரிந்த சோதனை உள்ளீடு) ஓட்டிப் பாருங்கள்.