லேத் ஸ்பீட் பிளேட்ல 600 ஆர்பிஎம் (நிமிஷத்துக்கு எத்தனை சுத்து), டாக்கோமீட்டர்ல (சுத்தற வேகத்தை அளக்கற கருவி) 1188, எதை நம்பறது?

குன்னூர்_பட்டறை:
வணக்கம். வீட்டுக்குப் பின்னாடி தகர ஷெட்ல ஒரு பழைய நாலரை அடி லேத் (இரும்பு கடையற மெஷின்) வெச்சிருக்கேன், போன வருஷம் கோயம்புத்தூர்ல செகண்ட்ஸ்ல எடுத்து மலைமேல கொண்டுவந்தது. கவாத்து மெஷினுக்கு புஷ், பின் அந்த மாதிரி சின்ன வேலைதான். பிரச்சனை என்னன்னா 25 மிமீ எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) ராடை, பிளேட்ல 350னு போட்ட ஸ்டெப்ல (வேக நிலை) வெச்சு கடைஞ்சா ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல்) டூல் முனை ரெண்டே நிமிஷத்துல நீலமாயிடுது, சாணை பிடிச்சு பிடிச்சே மூணு டூல் தேஞ்சுபோச்சு. கணக்குப்படி வெட்டற வேகம் நிமிஷத்துக்கு 27 மீட்டர் சொச்சம்தான் வருது, எம்எஸ்சுக்கு அது சரிதானே. சந்தேகம் வந்து ஆன்லைன்ல லேசர் டாக்கோ வாங்கி, சக்ல (ராடைப் பிடிச்சு சுத்தற பாகம்) மின்னுற டேப் ஒட்டி பாத்தா பிளேட்ல 600னு போட்ட ஸ்டெப்ல 1188 காட்டுது. சக் தாடை பளபளப்பையும் சேத்து ரெண்டா எண்ணுதோன்னு நினைச்சு, ஒரு வட்ட பேப்பர்ல 10 கோடு போட்டு ஒட்டி டியூப்லைட் வெளிச்சத்துல பாத்தேன். நம்ம 50 ஹெர்ட்ஸ் கரண்ட்ல லைட் செகண்டுக்கு 100 தடவை மின்னும், அதனால 600ல கோடு அசையாம நிக்கணும். கிட்டத்தட்ட நிக்குது, மெதுவா பின்னாடி நகருது அவ்வளவுதான். அப்ப 600தானே? டாக்கோ தப்பா?

வெலிங்டன்_டர்னர்:
தம்பி, டாக்கோ மேல பழி போடாதீங்க. 10 கோடு 600லயும் நிக்கும், 1200லயும் நிக்கும். ஒரு மின்னலுக்கும் அடுத்த மின்னலுக்கும் நடுவுல கோடு ஒரு இடம் தள்ளிப்போனாலும் ரெண்டு இடம் தள்ளிப்போனாலும் கண்ணுக்கு ஒண்ணுதான். அந்தப் பேப்பரை எடுத்துட்டு சக் முகத்துல சாக்பீஸால ஒரே ஒரு கோடு போடுங்க. 600னா அந்த ஒரு கோடு 10 இடத்துல தெரியும், 1200னா 5 இடத்துல. காப்பர் சோக் போட்ட டியூப்லைட்டா இருக்கணும், எலக்ட்ரானிக் சோக்ல ஒண்ணும் தெரியாது. இன்னொண்ணு, அந்த வெளிச்சத்துல ஓடற சக் நிக்கற மாதிரியே தெரியும், கை தன்னால கிட்ட போயிடும், அதனால வேலை செய்யும்போது பக்கத்துல ஒரு குண்டு பல்பும் எரியட்டும். இதை சும்மா சொல்லல.

கோத்தகிரி_ரோலர்:
நான் டீ ஃபேக்டரி மெயின்டனன்ஸ். சிடிசி (டீ இலையை நசுக்கி, கிழிச்சு, சுருட்டற) ரோலர் ஒண்ணு 70ல சுத்தும் இன்னொண்ணு 700ல சுத்தும், அந்த ஒண்ணுக்குப் பத்து கெட்டா தூளே மாறிடும், அதனால டாக்கோ எங்க பாக்கெட்லயே இருக்கும். ஆனா லேத்துக்கு அதுகூட வேண்டாம் ப்ரோ. பேக் கியர் (வேகத்தைக் குறைக்கற கியர்) போட்டு ரொம்ப ஸ்லோ ஸ்டெப்ல வெச்சு, 1 மிமீ திரெட் போடறதுக்கு கியர் செட் பண்ணிட்டு, ஹாஃப் நட்டை (சேடிலை திரெட் ஸ்க்ரூவோட கோக்கற நட்) பிடிச்சு ஒரு நிமிஷம் ஓட விடுங்க. ஒரு சுத்துக்கு 1 மிமீ, அதனால சேடில் (டூலைத் தாங்கி நகர்ற பாகம்) எத்தனை மிமீ நகருதோ அத்தனை சுத்து. லேத்தோட பல்லு பொய் சொல்லாது. மோட்டார் நேம் பிளேட்டையும் தேச்சு பாத்துடுங்க.

குன்னூர்_பட்டறை:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. சாக்பீஸ் கோடு அஞ்சு இடத்துலதான் தெரியுது! பேக் கியர்ல பிளேட் 66ங்குது, சேடில் ஒரு நிமிஷத்துல 131 மிமீ போச்சு. மோட்டார் நேம் பிளேட் மேல பச்சை பெயின்ட் அடிச்சிருந்தாங்க, பிளேடால சுரண்டினா 2880 ஆர்பிஎம். வித்தவர் மோட்டார் மாத்தினதை ஒரு வார்த்தை சொல்லல, எனக்கு மனசே ஆறல. 350னு நினைச்சு கிட்டத்தட்ட 700ல, 54 மீட்டர்ல கடைஞ்சிருக்கேன். மோட்டார் புல்லி 3 இஞ்ச், அதை பாதியா குறைச்சா சரியாயிடுமா?

வெலிங்டன்_டர்னர்:
வேண்டாம் தம்பி. ஏ செக்‌ஷன் பெல்ட் ஒன்றரை இஞ்ச் புல்லில வளைஞ்சு சுத்தினா சீக்கிரமே வெடிச்சிடும், அதுவும் நம்ம ஊர் காலைக் குளிர்ல பெல்ட் விறைச்சுக் கிடக்கும். அதே ஹெச்பில 1440 மோட்டார் தேடுங்க, ஆழமா கட் போட்டா திணறுதுன்னா அதுவும் சரியாகும், ஒரே ஹெச்பின்னாலும் 2880 மோட்டாருக்கு முறுக்கு விசை பாதிதான். அதுவரைக்கும் பிளேட்ல பாதி ஸ்டெப்ல ஓட்டுங்க. வேகமான கடைசி ரெண்டு ஸ்டெப்பை தொடவே கூடாது, பழைய வார்ப்பு இரும்பு சக் ரெட்டை வேகத்தைத் தாங்கும்னு யாரும் உத்தரவாதம் தர முடியாது.

கொடை_மரக்கடைசல்:
நான் கொடைக்கானல்ல மரக்கடைசல் பண்றேன். என் லேத்ல சைக்கிள் மீட்டரை மாட்டிட்டேன், வீல் சுற்றளவு 1667 மிமீன்னு செட் பண்ணா மணிக்கு 1 கிமீன்னு காட்டறது 10 ஆர்பிஎம், 36ன்னா 360. ரெண்டு இலக்கத்துக்கு மேல காட்டாத மீட்டர்னா 990 சொச்சம் வரைக்கும்தான் பாக்க முடியும். மீட்டரோட காந்தத்தை சக்ல ஒட்டாதீங்க, ஸ்பிண்டில் பின்பக்கம் ஒரு காலர் போட்டு அதுல பதிச்சு, எதிர்ப்பக்கம் அதே எடைக்கு ஒரு துண்டு வைங்க.

குன்னூர்_பட்டறை:
இன்னிக்கு 180 ஸ்டெப்ல ஒரு புஷ் கடைஞ்சேன். சீவல் சுருள் சுருளா விழுந்துச்சு, டூல் முனை வெள்ளையாவே இருக்கு. ஞாயித்துக்கிழமை மோட்டார் பாக்க கோயம்புத்தூர் இறங்கறேன்.