33 குரோமோசோம் உள்ள தேரை எப்படி வம்சம் வளர்க்கிறது?

கேள்வி:
பிளஸ் டூ பிள்ளைகளுக்கு விலங்கியல் டியூஷன் எடுக்கிறேன். நேற்று மும்மயம் (குரோமோசோம் தொகுதி மூன்று இருப்பது) நடத்தும்போது பூவன் பழம் ஒன்றை நறுக்கிக் காட்டினேன். நடுவில் கடுகைவிடச் சின்னதாகக் கறுப்புப் புள்ளிகள், விதையாகாமல் நின்றுபோனவை. 11 குரோமோசோம் கொண்ட தொகுதி மூன்று, ஆக 33. விந்தும் முட்டையும் உருவாகக் குரோமோசோம் பாதியாகும் குன்றல் பகுப்பில் இரண்டு தொகுதி ஜோடி சேர்ந்தால் மூன்றாவது துணையின்றி நிற்கும், அதனால் மலடு என்றேன். ஒரு மாணவி, "பாகிஸ்தான் மலையில் 33 உள்ள தேரை இருக்கிறதாமே?" என்றாள். நாளை சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். உண்மையா?

பதில் 1:
உண்மைதான். படூரா தேரை. காரகோரம் மலையில், ஹன்சா பக்கம். ஆணும் பெண்ணும் மும்மயம், இரண்டும் கூடித்தான் முட்டையிடுகின்றன. 2002-ல் இது வெளிவந்தது.

பதில் 2:
முதுகலையில் தவளை விரையிலிருந்து ஸ்லைடு போட்டு, குரோமோசோம் எண்ணியே பொழுதைக் கழித்தவன் நான். இந்தத் தேரையைப் போல என்னை அசரவைத்தது வேறில்லை.

பூவனை எடுத்தீர்களே, அது நல்ல பொருத்தம். பூவன் ஏ-ஏ-பி, இரண்டு தொகுதி ஒரு காட்டுவாழையினுடையது, ஒன்று வேறொன்றினுடையது. தேரையும் கலப்பில் வந்ததுதான், அதையும் ஏ-ஏ-பி என்றே பலகையில் எழுதுங்கள்.

ஆணில், குன்றல் பகுப்புக்கு முன்பே பி தொகுதி முழுசாகக் கழற்றிவிடப்படுகிறது. மிச்சம் ஏ-ஏ, 22. ஜோடி சேர்ந்து பிரிந்தால் விந்தணுவில் 11. பெண்ணில் நேர்மாறு. பி மட்டும் தன்னை நகல் எடுத்துக்கொள்கிறது: ஏ-ஏ-பி-பி, 44. முட்டைக்கு ஏ-பி, 22. இப்போது கூட்டுங்கள், 33.

ஜோடி சேரும் நேரத்தில் துணையில்லாத குரோமோசோம் ஒன்றுகூடக் கிடையாது. ஏ இரண்டும் தலைமுறைதோறும் கலந்துகொள்கின்றன. பி மட்டும் தாய்வழியாகவே, கலப்பில்லாமல் இறங்குகிறது.

பதில் 3:
தொகுதி நான்கு உள்ள நான்மயத்துக்கும் இந்த ஜோடிச் சிக்கல் உண்டு. தென்னமெரிக்காவின் ஓடோன்டோஃப்ரைனஸ் அமெரிக்கானஸ் தவளையில் 44. நான்கு நான்காக வளையம்போலக் கோத்துக்கொள்ளும். ஆப்பிரிக்க நகத் தவளையில் 36. இரண்டு இனங்கள் கலந்து வந்தது என்பதால் அதது தன் பக்கத்துத் துணையைத் தேடிக்கொள்ளும், சுத்தமாக 18 ஜோடி.

கேட்டவர்:
நன்றி. அ, ஆ இல்லாமல் ஏ, பி என்றே எழுதுகிறேன், பூவனோடு சேர்த்துக் காட்டலாம். ஒரு சந்தேகம்: தொகுதி இரட்டித்த தவளைக்குத் தன் இனத்துத் துணையை எப்படித் தெரியும்?

பதில் 2 எழுதியவர்:
குரலால். வட அமெரிக்கச் சாம்பல் மரத்தவளையில் 24 உள்ளது ஒன்று, 48 உள்ளது ஒன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றேதான். 24-ன் கூப்பாடு படபடவென்று ஓடும், 48-ன் கூப்பாடு நிதானம். தொகுதி கூடினால் செல் பெரிதாகும். அதுவே கூப்பாட்டை மெதுவாக்குமா என்று அறிய, 24 இனத்திலேயே செயற்கையாக ஒரு தொகுதி கூட்டிப் பார்த்தார்கள். ஆணின் கூப்பாடு தானாகவே நிதானப்பட்டது. அப்படிப் பிறந்த பெண்ணும் நிதானமான கூப்பாட்டையே நாடிப் போனது.